எண்ணெய் படாத கைகள்

நெமேசியா லிமாச்சி தன் கைகளுக்கு எண்ணெயோ களிம்போ தடவிக்கொள்வது வாரத்தில் ஒரே ஒரு நாள், சனிக்கிழமை மாலையில்தான். ஞாயிறு சாயங்காலம் சலவை சோப்பால் முழங்கை வரை மூன்று முறை தேய்த்துக் கழுவி அதையும் போக்கிவிடுவார். மற்ற நாட்களில் அந்தக் கைகள் காய்ந்து கிடக்கும். மலைமேட்டு ஊரான எல் ஆல்ட்டோவின் காற்றில் ஈரம் என்பதே கிடையாது. ஜூன், ஜூலை விடியற்காலைகளில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, ஒன்பது பாகை போகும். ஊரே வாசலினோ ஆட்டுக் கொழுப்போ பூசிக்கொண்டு நடமாடும்போது, அவர் விரல் கணுக்களில் வெடிப்பும் வெடிப்பில் ரத்தமுமாக வேலைக்குப் போவார். 1973 மே 14, திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தார். 2001 செப்டம்பர் 28, வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றார். இரண்டு பிரசவ விடுப்பும் ஒரு குடல்வால் அறுவையும் நீங்கலாக, இடைப்பட்ட காலம் முழுவதும் அந்தக் கைகள் அப்படித்தான் இருந்தன.

அவருடைய இடம் விமான நிலையத்தில் ஒரு விமானக் கம்பெனியின் பழுதுபார்க்கும் கொட்டகையான ஹேங்கரை ஒட்டிய ஆக்சிஜன் அறை. நான்கு மீட்டருக்கு ஆறு மீட்டர். சுவரோரம் பச்சை சிலிண்டர்கள், ஒரு நிரப்பு மேசை, ஒரு ஜன்னல். வாசலிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அதை அவரைக் கேட்காமல் யாரும் தாண்டக்கூடாது. சிலிண்டருக்குள் சதுர அங்குலத்துக்கு 1,850 பவுண்டு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் ஆக்சிஜனும் ஒரு சொட்டு எண்ணெயும் சந்தித்தால், பற்றவைக்கத் தீக்குச்சி தேவையில்லை. கையில் தடவிய களிம்பு போதும், உதட்டுச் சாயம் போதும், பொரித்த கறியைத் தின்றுவிட்டுத் துடைத்த விரல் போதும்.

அவர் அங்கே வந்து சேர்ந்த கதை வேறு மாதிரியானது. அதற்கு முன்பு அவர் தையல்காரி. ‘ஜூலை 16’ பேட்டையில் பெண்கள் உடுத்தும் பொல்லெரா பாவாடைகளுக்குக் கொசுவம் வைத்துத் தைப்பார். எட்டு மீட்டர் துணியை இடுப்பளவுக்குள் அடக்கி, ஒரு கொசுவம்கூட இன்னொன்றின் மேல் ஏறாமல் வைப்பதில் அந்தப் பேட்டையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

1973 ஏப்ரலில் கம்பெனிக்கு ஒரு தொல்லை வந்தது. மேலே பறக்கும் விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். விமானம் பதினோராயிரம் மீட்டரில் போனாலும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு 2,400 மீட்டர் மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். மற்ற எந்த ஊரிலும் விமானம் தரையிறங்க இறங்க, உள்ளே இருக்கும் காற்றும் கீழ்மட்டக் காற்றுபோல் அடர்ந்துகொண்டே வரும். எல் ஆல்ட்டோவின் ஓடுபாதை இருப்பது 4,061 மீட்டரில். ஆகவே இங்கே விமானம் இறங்கும்போது உள்ளே இருப்பவர்கள் ஏறுகிறார்கள். உடம்பு கீழே போகிறது, மூச்சு மேலே போகிறது. உள்ளே இருக்கும் காற்று 4,267 மீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்டால், ஆபத்து என்று நினைத்துப் பயணிகளின் தலைக்கு மேலே இருக்கும் கதவுகள் தாமாகத் திறந்து ஆக்சிஜன் முகமூடிகளைத் தொங்கவிடும். ஓடுபாதைக்கும் அந்த எல்லைக்கும் நடுவே 206 மீட்டர்தான் இடைவெளி. உயரமான ஊருக்கென்று இருக்கும் விசையை மாற்றி வைக்க யாரோ மறந்து, அழுத்தமும் கொஞ்சம் தாறுமாறாகப் போனதால், அந்த ஒரே மாதத்தில் மூன்று முறை, இறங்கும் நேரத்தில் மொத்த முகமூடிகளும் விழுந்தன. பயணிகள் அலறினார்கள். சிலர் ஜெபமாலையை எடுத்தார்கள்.

விழுந்ததை மறுபடி உள்ளே வைப்பதுதான் பெரிய வேலை. ஒரு விமானத்துக்கு 126 முகமூடிகள். குழாயைச் சுருட்டி, பையைத் தட்டையாக்கி, கயிறு சிக்காமல் ஒரு கைப்பிடி அளவுப் பெட்டிக்குள் அடக்க வேண்டும். தப்பாக மடித்தால் கதவு திறக்கும், முகமூடி வராது. மெக்கானிக்குகள் ஒரு பகல் முழுவதும் மடித்துச் சோதித்துப் பார்த்ததில் பத்துக்கு மூன்று உள்ளேயே சிக்கிக்கொண்டன. அப்போது செனோன் தார்க்கி என்ற மெக்கானிக்தான் சொன்னார்: “இது ஸ்பேனர் வேலை இல்ல. கொசுவம் வெக்கற வேலை. எங்க பேட்டையில ஒரு பொம்பள இருக்கா.”

நெமேசியா வந்தார். ஒரு முகமூடியைப் பிரித்துப் பார்த்தார், மடித்தார், விழவைத்துப் பார்த்தார். இரண்டாவதிலிருந்து யாரையும் எதுவும் கேட்கவில்லை. 126ஐயும் ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார். சோதனையில் 126ம் விழுந்தன. இரண்டு மாத வேலை என்று வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 1976இல் சிலிண்டர் நிரப்பும் வேலைக்கும் பரீட்சை எழுதித் தேறினார். அந்தக் கம்பெனியில் ஹேங்கர் வேலையில் பொல்லெராவோடு வந்து பருத்தி மேலங்கிக்கு மாறிக்கொண்ட பெண் அவர் ஒருவர்தான்.

இந்த நாட்டில் ஆக்சிஜன் வேலை மற்ற நாடுகளில் இருப்பது போல் அல்ல. மேலே பறக்கும்போது உள்ளே காற்று கசிந்துபோனால், மற்ற நாடுகளில் காப்டன் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மூவாயிரம் மீட்டருக்கு இறங்கிவிடுவார். பிறகு யாருக்கும் முகமூடி வேண்டாம். இங்கே மூவாயிரம் மீட்டருக்கு இறங்க நினைத்தால் குறுக்கே ஆறாயிரம் மீட்டர் மலை நிற்கும். மலையைத் தாண்டும் வரை மேலேயே போயாக வேண்டும். அவ்வளவு நேரத்துக்கும் சிலிண்டரில் மூச்சு இருக்க வேண்டும். பயணிகளுக்குத் தலைக்கு மேலே முகமூடி. பணிப்பெண்களுக்குத் தோளில் மாட்டும் சிறு சிலிண்டர். பைலட்டுகளுக்கென்று தனியாக ஒரு சிலிண்டர். பைலட்டுகள் எல் ஆல்ட்டோவில் இறங்கும் ஒவ்வொரு முறையும் தங்கள் முகமூடியை மாட்டிக்கொள்வார்கள். அதனால் அந்தச் சிலிண்டரை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் நெமேசியாவின் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. நிரப்பிய மணி, அழுத்தம், அறையின் வெப்பம், போன விமானம், திரும்பி வந்த நாள் எல்லாம் அதில் இருக்கும். அன்றாடக் குறிப்புக்கு நாளுக்கொரு பக்கம் தனியாக உண்டு. ஈய முத்திரைக் கம்பியை அவர் எப்போதும் இடப்பக்கமாக முறுக்குவார். மேலங்கிப் பையில் மெல்லிய வெள்ளைக் காகிதச் சீட்டுகளின் சிறு கட்டு இருக்கும். சந்தேகப்பட்ட இடத்தில் ஒரு சீட்டை அழுத்தி வெளிச்சத்தில் பிடிப்பார். எண்ணெய் இருந்தால் காகிதம் அந்த இடத்தில் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

மதியச் சாப்பாடு உறைபனியில் உலர்த்திய சூன்யோ கிழங்கும் அவித்த மொச்சையும். செனோன் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு பொரித்த பன்றிக்கறி தின்பார். செனோன் நெமேசியாவின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே, கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“கொமாத்ரே, உன் சோத்தப் பாத்தா நோன்பு கிடக்கற கன்னியாஸ்திரிக்கே கண்ணு கலங்கும்.”

“உங்க சோத்தப் பாத்தா எனக்கு ஃபயர் எஞ்சின் ஞாபகந்தான் வருது கொம்பாத்ரே. இன்னும் ரெண்டு எட்டு தள்ளி நின்னு தின்னுங்க.”

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எல்லாப் பட்டறைகளிலும் பூமித்தாய்க்கு, பச்சமாமாவுக்கு, சால்யா செய்வார்கள். கரி நெருப்பில் படையல் எரியும்: இனிப்புகள், மூலிகை, கம்பளி நூல், எல்லாவற்றுக்கும் மேலே, கம்பளிக்கு வளர்க்கும் லாமா என்ற விலங்கின் கொழுப்பு. சாராயம் தெளிப்பார்கள், வண்ணக் காகிதத் துணுக்குகளைத் தூவுவார்கள். இயந்திரங்களின் நெற்றியில் கொழுப்பைத் தொட்டு வைப்பார்கள். லேத், பளு தூக்கி, விமானத்தை இழுக்கும் டிராக்டர் எல்லாவற்றுக்கும் வைப்பார்கள். ஆக்சிஜன் அறைக்கு மட்டும் கிடையாது. அங்கே நெமேசியாவே தனியாக, மஞ்சள் பூவிதழ்களைத் தண்ணீரில் போட்டு வாசற்படியில் ஊற்றுவார். அவ்வளவுதான்.

செனோனுக்கு அது பொறுக்கவில்லை.

“வெறும் தண்ணியும் பூவுமா? பச்சமாமா என்ன நெனைப்பா? சீக்காளிக்குக் கஞ்சி ஊத்தற மாதிரி இருக்கு.”

“அவளுக்கு என்னைத் தெரியும். இத்தன வருஷமா கோவிச்சுக்கல.”

“கோவிச்சுக்கலயா? அப்ப டிசம்பர்ல வந்த கடுதாசி?”

டிசம்பர் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1993 டிசம்பர் 7, செவ்வாய்க்கிழமை, ஒரு விமானத்தின் சிறு சிலிண்டரில் முத்திரைக் கம்பி வலப்பக்கமாக முறுக்கியிருப்பதை நெமேசியா பார்த்தார். அது அவர் கை அல்ல. விமானத்தை நிறுத்தச் சொன்னார். இரண்டு மணி பத்து நிமிடம் தாமதம். கடைசியில் ஒன்றும் இல்லை; வேறு ஊர் மெக்கானிக் ஒருவர் முத்திரையை மாற்றிவிட்டு எழுத மறந்திருந்தார். ஹேங்கர் தலைமை எஞ்சினியர் பெனராந்தா கடிதம் கொடுத்தார். ஆதாரம் இல்லாமல் இன்னொரு முறை விமானத்தை நிறுத்தினால் ஆக்சிஜன் அறை வேறு ஆளிடம் போகும், அவர் பழையபடி முகமூடி மடிக்கலாம் என்று அதில் இருந்தது. அறையில் சால்யா சரியாக நடக்காததால்தான் கொமாத்ரேவுக்கு இந்தக் கஷ்டம் என்று செனோன் மனதில் பதிந்துவிட்டது.

1994 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. ஹேங்கர் முற்றத்தில் பதினொன்றரை மணிக்கே பாண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. 12.40க்கு நெமேசியா அறையைப் பூட்டிக்கொண்டு, கோச்சபாம்பாவிலிருந்து வந்த விமானத்தின் சிலிண்டர்களைப் பார்க்க நிலையத்தின் மறுகோடிக்குப் போனார். மாற்றுச் சாவி ஸ்டோரில், அதன் பொறுப்பாளர் ருஃபினோவிடம் தொங்கும். கோரிக்கைச் சீட்டுக் கொடுத்தால் ருஃபினோ கதவைத் திறந்து, எழுதி வைத்துவிட்டுச் சிலிண்டரைக் கொடுக்கலாம். அந்த ஏற்பாட்டை வைத்தது நெமேசியாதான்.

திரும்பி வந்தபோது மணி 14.11. பூட்டு சரியாக இருந்தது. உள்ளே, வெள்ளைக் கோட்டுக்கு இரண்டடி அந்தப் பக்கம், நிரப்பு மேசையின் காலடியில் நகக்கண் அளவில் ஒரு ரோஜா நிறக் காகிதத் துணுக்கு கிடந்தது.

அவர் அதை எடுக்காமல் நின்று பார்த்தார். காலையில் முற்றத்துப் பக்கமே அவர் போகவில்லை. ஆணியில் தொங்கிய துடைக்கும் துணி எட்டாக மடித்திருக்கவில்லை, நான்காக மடிந்திருந்தது. முகர்ந்தார். மூலிகைப் புகை வாசம். அதற்கு அடியில், இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த இன்னொரு வாசம்: லாமாக் கொழுப்பு.

பதிவேட்டைப் புரட்டினார். ருஃபினோவின் கோழிக் கிறுக்கலில் ஒரே ஒரு வரி: ‘எண் 17, பைலட் சிலிண்டர், 13.30, சாந்தா குரூஸ் விமானம், தார்க்கி.’ அந்த விமானம் 15.10க்குப் புறப்பட வேண்டியது.

ஸ்டோருக்கு ஓடினார். ருஃபினோ ஒரு காலி நாற்காலிக்குப் பக்கத்தில் பாண்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“ருஃபினோ, கொம்பாத்ரே உள்ள வந்தாரா?”

“சிலிண்டர் எடுக்க வந்தாரு. கனமா இருக்கு, நானே தூக்கிக்கறேன், நீ போய் ஒரு கிளாஸ் ஊத்திட்டு வான்னாரு. நல்ல மனுசன்.”

“எவ்வளவு நேரம் தனியா இருந்தாரு?”

“ஒரு கிளாஸ் நேரம்.” பிறகு யோசித்து, “ரெண்டு கிளாஸ்” என்றார்.

விமானத் தளத்துத் தொலைபேசிக்கு இரண்டு முறை அடித்தார்கள். யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் முற்றத்தில் இருந்தார்கள்.

ஆக்சிஜன் அறையிலிருந்து அந்த விமானம் நின்ற இடம் 612 எட்டுத் தூரம். பின்னால் அவரே நடந்து எண்ணிப் பார்த்தது. பிறந்த நாள் முதல் அந்த மெல்லிய காற்றைச் சுவாசித்தவர்தான். ஆனாலும் வயது ஐம்பத்தொன்று. பாதித் தூரம் ஓடியதும் கண்ணுக்கு ஓரம் இருட்டிக்கொண்டு வந்தது. நிற்கவில்லை. சிலிண்டர் வால்வை ஒருவர் திறக்கும்போது உள்ளே என்ன நடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். 1,850 பவுண்டு அழுத்தம் ஒரே கணத்தில் குழாய்க்குள் பாயும். அடைபடும் காற்று தானாகச் சூடாகும். வழியில் ஒரு துளி கொழுப்பு இருந்தால் அது பற்றும். சுத்த ஆக்சிஜனில் பற்றிய நெருப்பு கொழுப்போடு நிற்காது, வால்வின் உலோகத்தையே தின்னும். அந்தச் சிலிண்டர் இருப்பது பைலட் அறைக்கு நேர் கீழே. விமானத்தில் ஏற்கெனவே 94 பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

விமானத்தின் மூக்குக்கு அடியில் ஏணி. மேலே திறந்த பொந்துக்குள் செனோன் இடுப்பு வரை இருந்தார். சிலிண்டரைப் பட்டையில் கட்டிக் குழாயையும் முடுக்கியாகிவிட்டது. வலது கை வால்வின் மேல் இருந்தது.

“கொம்பாத்ரே, கைய எடுங்க.”

“ஏன், பாம்பு இருக்கா?”

“கைய எடுத்துட்டு இறங்குங்க.”

அவர் உரக்கச் சொல்லவில்லை. சொல்ல மூச்சும் இல்லை. ஆனால் இருபது வருடத்தில் அந்தக் குரலில் அவர் பேசிச் செனோன் கேட்டதில்லை. இறங்கி வந்தார். அவர் முடியில் ரோஜா நிறத் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

அதற்குள் பெனராந்தாவும் வந்துவிட்டார். தலையிலும் தோளிலும் காகிதத் துணுக்குகள், கழுத்தில் காகித மாலை, கையில் வாக்கிடாக்கி.

“என்ன, மறுபடியுமா?”

நெமேசியா செனோனைக் கேட்டார்: “சிலிண்டர்ல ஏதாச்சும் வெச்சீங்களா?”

செனோனுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுக்கு இரண்டு ஆண்டு பாக்கி. அவர் வைத்ததை யாரும் பார்க்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மாட்டிக்கொள்வது நெமேசியாவாகத்தான் இருந்திருக்கும். செனோன் எஞ்சினியரை ஒரு முறை பார்த்தார், தன் கையை ஒரு முறை பார்த்தார்.

“வெச்சேன். லாமாக் கொழுப்பு. கழுத்துல மூணு விரல். வேண்டிக்கிட்டு, அப்பறம் துணியால தொடச்சுட்டேன்.”

“எண்ணெய் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? கிரீஸ் கையோட என்னிக்காவது உன் கோட்டத் தாண்டியிருக்கனா? இது எண்ணெய் இல்ல கொமாத்ரே. இது படையல். உனக்கு ஒண்ணும் வரக்கூடாதுன்னு வெச்சேன்.”

அவர் மூடர் அல்ல. டப்பாவில் வருவது எண்ணெய், பீப்பாயில் வருவது கிரீஸ். அவை எரியும் என்று இருபத்தாறு ஆண்டுகளாக அவருக்குத் தெரியும். லாமாக் கொழுப்பு அவர் அம்மா கையால் அடுப்பங்கரையில் தொட்டு வைத்தது, வீட்டுக்கு அடித்தளம் போட்டபோது புதைத்தது. அதுவும் அந்தப் பட்டியலில் சேரும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பெனராந்தா கடிகாரத்தைப் பார்த்தார். மணி 14.29.

“தொடச்சாச்சுல்ல? அப்ப முடிஞ்சுது. கழுத்து வெளிய இருக்கு, ஆக்சிஜன் உள்ள இருக்கு. திறந்து அழுத்தத்தப் பாருங்க. மேல தொண்ணூத்து நாலு பேர் உக்காந்திருக்காங்க.”

“அதனாலதான் சொல்றேன் சார். கொழுப்பு தொடச்சாப் போகாது. இடம் மாறும்.”

“டிசம்பர்லயும் இப்படித்தான் ஒரு கதை சொன்னீங்க. கடுதாசி ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. பதிவேட்டுல இருபத்தொம்பதாம் பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.” மேலங்கிப் பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்தார். “மூணே மூணு காகிதம். மூணும் சுத்தமா இருந்தா நானே ஏறித் திறக்கறேன். திங்கக்கிழமை மாஸ்க் மடிக்கப் போயிடறேன். நீங்க சொல்லக்கூட வேண்டாம்.”

பெனராந்தா கையை ஆட்டினார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், தொலையட்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

நெமேசியா ஏறினார். முதல் சீட்டைச் சிலிண்டரின் கழுத்தில் சுற்றி அழுத்தினார். இறங்கி வந்து வெயிலுக்கு நேரே பிடித்தார். காகிதம் வெள்ளையாக இருந்தது. செனோன் நன்றாகத்தான் துடைத்திருந்தார்.

இரண்டாவது, வால்வின் கைப்பிடிக்கு. அதுவும் வெள்ளை.

“நெமேசியாம்மா, மணி 14.38” என்றார் பெனராந்தா. குரலில் கோபம் குறைந்து ஒரு விதமான இரக்கம் வந்திருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

மூன்றாவது சீட்டை எங்கே வைப்பது என்று அவர் ஏணியின் மேல் நின்று யோசித்தார். துணியைப் பிடித்த கை எப்படிப் போயிருக்கும்? செனோன் வலக்கைக்காரர். கழுத்திலிருந்து மேல்நோக்கித் துடைப்பார். யாரும் அப்படித்தான் துடைப்பார்கள். மேலே வால்வின் வாய். அந்த நேரத்தில் வாயின் மூடி கழன்றிருந்ததா? வேண்டுதல் என்றால் மூடியையும் கழற்றித்தான் காட்டியிருப்பார். படையல் வாய்க்குத்தானே.

குழாயின் இணைப்பைக் கழற்றினார். சீட்டைத் திரிபோல் முறுக்கி, வால்வின் வாயிலிருந்த மரைகளுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். கீழே வந்து பிரித்தார். மதிய வெயில் அந்த ஊரில் கூசும்படி அடிக்கும். காகிதத்தின் நடுவே, ஒரு பயறு அளவுக்கு, வெயில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது.

பெனராந்தா சீட்டை வாங்கினார். தானும் வெயிலில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பிடித்தும் பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த காகித மாலையைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வாக்கிடாக்கியில் பயணிகளை இறக்கச் சொன்னார்.

செனோன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

“என் மூஞ்சிக்கு நேரா இருந்துது.”

“உங்க மூஞ்சி மட்டும் இல்ல கொம்பாத்ரே.”

“ஆமா” என்றார்.

எண் 17 இறங்கியது. அந்த வாயைத் தொட்ட குழாய் முனையையும் கழற்றி மாற்றினார்கள். எண் 22 ஏறியது. நெமேசியா அதற்கு ஏழு சீட்டு வைத்தார். அறையிலிருந்த மற்ற ஒன்பது சிலிண்டர்களுக்கும் வைத்தார். எல்லாம் வெள்ளை. விமானம் 17.02க்குக் கிளம்பியது. தாமதம் ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். புறப்படும் முன் காப்டன் கீழே வந்து அந்தச் சீட்டைக் காட்டச் சொன்னார். நாளை திரும்பி இறங்கும்போது அந்தக் குழாயிலிருந்து வரும் மூச்சைத்தான் அவர் முகத்தில் வைத்துக்கொள்வார். பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெமேசியாவுக்கு வணக்கம் சொன்னார். கை நீட்டவில்லை. அந்தக் கைகளைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது.

மாலை பெனராந்தா ஆக்சிஜன் அறைக்கு வந்தார். கோட்டுக்கு வெளியே நின்றார்.

“தாமதத்துக்குக் காரணம் வானிலைன்னு போட்டுடலாம். செனோனுக்கும் நல்லது. நமக்கும் நல்லது.”

நெமேசியா ஜன்னலைப் பார்த்தார். “வானத்துல ஒரு மேகம் இல்லியே சார்.”

பின்னால் நின்ற செனோன் சொன்னார்: “எழுது கொமாத்ரே. என் பேரப் போட்டே எழுது. இல்லன்னா அடுத்த வருஷம் எவனாவது இதே மாதிரி பாசத்துல வெப்பான்.”

அன்றைய பக்கத்தில் அவர் எழுதியது இதுதான்: ‘எண் 17. வால்வு வாய் மரையில் லாமாக் கொழுப்பு. வைத்தவர் செனோன் தார்க்கி, சால்யாவுக்காக, நல்ல எண்ணத்தோடு. கேட்டதும் மறைக்காமல் சொன்னார். லாமாக் கொழுப்பும் எண்ணெய்தான் என்று நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. வாசல் பலகையிலும் இல்லை. மாற்றுச் சாவியை வெளியே தொங்கவிட்டதும் நான். இரண்டும் என் தவறு.’ கையெழுத்து, மணி 18.20.

செனோனுக்குப் பதினைந்து நாள் தற்காலிக நீக்கம் கொடுத்தார்கள். அதற்கு மேல் போகாமல் இருந்ததற்குப் பதிவேட்டின் அந்தப் பக்கம்தான் காரணம் என்று பெனராந்தாவே ஒருமுறை ருஃபினோவிடம் சொல்லியிருக்கிறார். டிசம்பர் கடிதத்தை அவர் திரும்ப வாங்கவும் இல்லை, அதைப் பற்றிப் பிறகு பேசவும் இல்லை. மாற்றுச் சாவி ஸ்டோரை விட்டுப் போனது. பலகையில் தடுக்கப்பட்ட பொருள்களின் வரிசையில் லாமாக் கொழுப்பும் ஏறியது.

திரும்பி வந்த செனோன் ஆக்சிஜன் அறைப் பக்கமே வரவில்லை. சிலிண்டர் வேண்டுமானால் வேறு ஆளை அனுப்புவார். மதியம் பொரித்த கறியை ஹேங்கரின் மறுகோடியில் தின்றார். பழைய கேலியைக் கேட்காமல் நெமேசியாவுக்கு மொச்சை இறங்கவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை. தானாக வரட்டும் என்று விட்டுவிட்டார். ஒரு வருடம் அப்படியே போனது.

1995 பிப்ரவரி 24, கார்னிவலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை 10.15. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே செனோன் வந்து நின்றார். சலவை செய்த சட்டை. ஒரு கையில் மஞ்சள் பூவிதழ் போட்ட தண்ணீர்ச் செம்பு. இன்னொரு கையில் ஒரு பழைய உறை.

“இதப் பாரு” என்று உறையை நீட்டினார்.

உள்ளே பத்து வெள்ளைக் காகிதச் சீட்டுகள். ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எழுதியிருந்தது: வலது கட்டை விரல், வலது ஆள்காட்டி விரல், இப்படியே பத்தும்.

நெமேசியா ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“பத்தாவதையும் பாத்துடு.”

“பாத்துட்டேன்.”

“ஏதாச்சும் தெரியுதா?”

“கரி படிஞ்ச ரேகை தெரியுது. கைய இன்னொரு தரம் சோப்புப் போட்டிருக்கலாம்.” சீட்டுகளை அடுக்கினார். “எண்ணெய் இல்ல. உள்ள வாங்க.”

செனோன் கோட்டைத் தாண்டினார். இருவரும் சேர்ந்து நிரப்பு மேசையின் நான்கு கால்களுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். வேண்டிக்கொள்ள வேண்டியதை செனோன் வாய்க்குள் வேண்டிக்கொண்டார். செம்பைக் கீழே வைத்தபோதுதான் நெமேசியா அவர் விரல் கணுக்களைக் கவனித்தார். வெடித்து, ஒரு வெடிப்பில் ரத்தம் கட்டியிருந்தது.

“என்ன இது?”

“திங்கக்கிழமையிலேருந்து ஒண்ணும் தடவல. கறியும் தொடல. அஞ்சு நாள்தான்.” கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “நீ எப்படித்தான் இத்தன வருஷம் இருந்தியோ.”

“நாளைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் தடவிக்கங்க” என்றார் நெமேசியா. பசையை எடுத்து, பத்துச் சீட்டுகளையும் பதிவேட்டின் அன்றைய பக்கத்தில் வரிசையாக ஒட்டி, கீழே மணியைக் குறித்தார்.